எந்தப் பக்கம் மேலே

"நீங்க வேண்டாம்னு சொன்னா, ஏன்னு நாங்க கேக்க மாட்டோம்," என்றார் மருத்துவர். "வெளியில உக்காந்திருக்கவங்ககிட்டயும் எதுவும் சொல்ல மாட்டோம்."

"அப்ப அவங்களுக்கு என்னன்னு சொல்லுவீங்க?"

"மருத்துவக் காரணத்தால இவங்க தர முடியாது. அவ்வளவுதான். என்ன காரணம்னு யார் கேட்டாலும் பதில் வராது."

"அது பொய் இல்லையா டாக்டர்?"

"பயமும் ஒரு காரணம்தான்மா," என்றார் அந்த மருத்துவர் அம்மாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

அவருடைய மேசைமேல் ரப்பரில் செய்த சிறுநீரகம் ஒன்று இருந்தது. நடுவில் இரண்டாகத் திறக்கும். பேசிக்கொண்டிருந்தபோது நான் அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். என் ரத்தமும் திசுவும் அண்ணனுக்கு அப்படியே பொருந்துகின்றன, கூடப் பிறந்தவர்களிலும் இப்படி அமைவது அபூர்வம் என்று அதற்குச் சற்று முன்புதான் சொல்லியிருந்தார். பிறகு ஒரு காகிதத்தில் உடம்பு மாதிரி வரைந்து, விலாவுக்குக் கீழே பேனாவால் சாய்வாக ஒரு கோடு இழுத்தார். திரைச்சீலை தைப்பவள் நான். துணியில் அப்படிக் கோடு போட்டால் அடுத்து கத்தரிக்கோல்தான். அந்தக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன். என் கணவர் தடுத்திருந்தால் அவர்மேல் பழியைப் போட்டிருக்கலாம். அவர் "உன் இஷ்டம்" என்றுதான் சொல்லியிருந்தார். ஏழு வயது மகளைக் காரணம் காட்டியிருக்கலாம். அவளை நான் அந்த நிமிடத்தில் நினைக்கக்கூட இல்லை.

மருத்துவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, "ஒத்து வரலையாம்," என்றேன்.

அண்ணி என் முதுகைத் தடவி, "நீ என்ன பண்ணுவ, விடு," என்றாள். அண்ணிக்குச் சர்க்கரை. அவளால் தரவே முடியாது என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அண்ணன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "காலையிலேர்ந்து சாப்பிடாம இருக்கியே பாப்பா, வா, ஏதாவது சாப்பிடலாம்," என்றான்.

அது நடந்து பதினோரு மாதம் ஆகிறது.

அண்ணன் கட்டட வரைபடம் போடுகிறவன். இருபத்திரண்டு வருடம் அடுத்தவர்கள் வீட்டுக்கு வரைந்தவன், இப்போது மாடியில் தன் கள்ளிச் செடிகளுக்கு ஒரு வீடு வரைகிறான். போன மழையில் பத்தொன்பது செடிகள் அழுகிப் போயின. "மேல பாத்தா ஜம்முனு நிக்கும். விரல வெச்சு அழுத்தினா உள்ள கூழு," என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் காட்டினான். மழையை வெளியே நிறுத்தி வெளிச்சத்தை மட்டும் உள்ளே விட வேண்டும், அதுதான் திட்டம். எட்டடிக்கு ஆறடி. சாய்ந்த கூரை. சூடான காற்று வெளியேற மேலே ஒரு திறப்பு, புதுக்காற்று நுழையத் தரையோரம் இரண்டு. செவ்வாய், வியாழன், சனி அவன் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு படுத்திருப்பான். அந்த நான்கு மணி நேரமும் வலது கையால் கட்டம் போட்ட தாளில் வரைந்துகொண்டிருப்பானாம். இடது கையில் ஊசி. அந்தக் கையில் நரம்பு கயிறு மாதிரிப் புடைத்துவிட்டது. தொட்டால் உள்ளே வண்டு பறப்பதுபோல அதிர்கிறது. அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது.

அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் போனேன். இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டேன். மணல் சலித்தேன். கருப்பு நிழல்வலையின் ஓரத்தை மடித்து, தடித்த நூலில் இரட்டைத் தையல் போட்டு, கண்ணி வைத்துக் கொடுத்தேன். எந்த ஞாயிறும் விடவில்லை. கடையில் தையல் வேலை தேங்கியது. "கூடப் பிறந்தவன்னா இப்படி இருக்கணும்," என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அண்ணி மட்டும், "இந்த முள்ளுகிட்ட பேசறதுல பாதி எங்கிட்ட பேசினா என் வாழ்க்கை எங்கேயோ போயிருக்கும்," என்று அலுத்துக்கொள்வாள். அண்ணன் திரும்பாமலே, "அது பதில் பேசாது, அதான்," என்பான்.

அந்த வேலையில் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது எண்கள்தான். கீல் வாங்கும்போது, துருப்பிடிக்காததாக வாங்கு, இருபது வருடம் உழைக்கும் என்பான். செடி வைக்கும் தட்டு அடிக்கும்போது ஓரத்தில் இரண்டடி காலியாக விடச் சொன்னான். எதற்கு என்றேன். ஒரு சின்னத் தொட்டியை எடுத்துக் காட்டினான். உள்ளே பட்டாணி அளவில் முள் முளைத்த உருண்டைகள், விதை போட்டு ஒரு வருடம் ஆனவை.

"இது பூக்கப் பதினஞ்சு வருஷம் ஆகும். அப்ப இந்த அளவு இருக்கும்," என்று கைகளைப் பானை மாதிரி விரித்தான்.

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். பதினைந்து வருடம் என்பது என் காதில் கேள்வியாக விழுந்தது. இயந்திரத்தை நம்பி ஒருவன் பதினைந்து வருடத்துக்கு இடம் விடுவானா? என்னை நினைத்துத்தான் விடுகிறானா? நான் சுத்தியலை எடுத்துத் தேவையே இல்லாத ஓர் ஆணியை அடித்தேன்.

போன வெள்ளிக்கிழமை கூரைத் தகடுகள் வந்தன. ஆறு. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடுகள், ஒவ்வொன்றின் இரு பக்கமும் மெல்லிய காகிதம்போல ஓர் உறை ஒட்டியிருந்தது. ஒரு பக்க உறையில் நீல எழுத்து, மறுபக்கம் வெறும் வெள்ளை. சனிக்கிழமை அண்ணனும் அண்ணியும் மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். சாவி என்னிடம் இருந்தது. அவன் வருவதற்குள் ஏதாவது செய்து வைக்க வேண்டும் என்று தோன்றியது. மாடியில் உட்கார்ந்து ஆறு தகடுகளின் உறைகளையும் இரு பக்கமும் உரித்துத் தள்ளினேன். பசை விட்டு வரும்போது சரசரவென்று ஒரு சத்தம், உரிக்க உரிக்க மனதுக்கு இதமாக இருந்தது. ஈரத்துணியால் துடைத்துச் சுவரோரம் வரிசையாக நிறுத்தினேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை அண்ணன் படியேறி வந்தான். நடுவில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினான். மேலே வந்து தகடுகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"பாப்பா, நீல எழுத்து எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"எல்லாத்தையும் உரிச்சிட்டேன்ணா. உனக்கு வேலை மிச்சமாகட்டுமேன்னு."

அவன் ஒரு தகட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். நகத்தால் கீறினான். அடுத்ததையும் எடுத்தான்.

"என்னண்ணா?"

"நீல எழுத்துப் பக்கம்தான் வெயிலப் பாக்கணும். அதுல ஒரு பூச்சு இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. மாத்திப் போட்டா மஞ்சளாகி நொறுங்கிடும்."

"எவ்வளவு நாள்ல?"

"ரெண்டு வருஷம்."

"சரியாப் போட்டா?"

"பத்து."

ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவனுக்கு அளந்து வைத்த அரைத் தம்ளர் தண்ணீரோடு அண்ணி வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ரெண்டு பக்கம்தானே? குருட்டாம்போக்குல போடுங்க, சரியா அமைஞ்சாலும் அமையும்," என்றாள்.

"ஆறும் சரியா அமையணுமே," என்று அண்ணன் சிரித்தான். தண்ணீரை மூன்று மடக்காகப் பிரித்துக் குடித்தான். கடைசி மடக்கை விழுங்காமல் வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தான். அண்ணி தம்ளரை வாங்கிக்கொண்டு கீழே போனாள்.

"நான் புதுசா ஆறு வாங்கிடறேன்ணா. நாளைக்கே."

"எதுக்கு? விடு. ரெண்டு வருஷம் தாங்கினா போதும்."

என் காலடியில் நான் உரித்த உறைகள் குவியலாகக் கிடந்தன. காற்றில் ஒன்று எழுந்து வந்து என் கணுக்காலில் ஒட்டிக்கொண்டது. உதறினேன். போகவில்லை. அதில் நீல எழுத்து இருந்தது.

"சரி, முதல் தகட்டைப் போடுவோம். ஏறு," என்றான்.

நான் ஸ்டூலில் ஏறி வெளிப்பக்கம் நின்றேன். அவன் குழாய்க் கூண்டுக்குள் போய், தகட்டைத் தலைக்கு மேல் ஏந்திக் கொடுத்தான். இடது கையையும் சேர்த்துத்தான் தூக்கினான். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் தகடு குழாய்களின்மேல் வந்துவிட்டது. திருகாணி போடும்வரை அது நழுவாமல் நான் மேலிருந்து அழுத்திப் பிடித்தேன், அவன் அடியிலிருந்து தாங்கினான். தகட்டுக்குள் வரிவரியாக ஓடிய மெல்லிய குழல்கள் வழியே அவன் முகம் தெரியவில்லை. சட்டையின் நிறம் மட்டும் கலங்கலாகத் தெரிந்தது.

"பாப்பா."

"ம்."

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு... ரொம்ப நாளா. சரி, விடு. ஆணிய எடு."

ஆணி என் இடுப்புப் பையில் இருந்தது. நான் கையை எடுக்கவில்லை.

"கேளுண்ணா."

கீழே தெருவில் ஒரு வண்டி நின்று, யாரோ இறங்கி, கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அது அடங்கும்வரை அவன் காத்திருந்தான்.

"அந்த டெஸ்ட்ட இன்னொரு தடவை எடுத்துப் பாக்கறியா? சில சமயம் தப்பா வந்துடும்ங்கறாங்க. ஒரே ஒரு தடவை. எனக்காக."

தகட்டின் அடியில் விரிந்திருந்த அவனுடைய உள்ளங்கைகள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன, அழுத்தத்தில் வெளுத்துப் போய். அவற்றுக்கு நேர் மேலே என் கைகள் இருந்தன. நடுவில் அந்தத் தகடு லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கத்துக் கையால் நடுங்குகிறது என்று தெரியவில்லை.