படாத குத்து

கோவளம் கடற்கரையில் கதாநாயகனிடம் நாற்பது நாள் குத்து வாங்கியும் படாளம் பெஞ்சமினுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. சினிமாக் கையுறைக்குள் இருந்தது வெறும் ஸ்பாஞ்சு. ஒருநாள் காக்கை ஒன்று அதைப் பன் என்று நினைத்துத் தூக்கிப் போய், ருசி சரியில்லை என்று திரும்பக் கொண்டுவந்து போட்டது. பார்த்தவர்கள் பதினேழு பேர்.

அந்தக் குத்தும் மூக்குக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடும். "குத்து வரங்காட்டியும் நீ பறந்துகினு இருக்கணும் நைனா," என்பார் ஸ்டண்ட் மாஸ்டர் நீலமேகம். பெஞ்சமின் பறந்தான். நாற்பதாம் நாள், கதாநாயகன் சோம்பல் முறித்ததற்கே பறந்து, ஃபைபர் படகு ஒன்றில் போய் விழுந்தான்.

மறுநாள் செங்கல்பட்டில் மாவட்டக் குத்துச்சண்டை இறுதிப் போட்டி. ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். மூன்று வருடமாக அவன் கண்ட கனவு. எதிரில் மதுராந்தகம் அருணகிரி. இது நிஜக் கையுறை, பத்து அவுன்ஸ். பட்டால் அப்பா பெயர் மறந்துபோகும்.

இரண்டு சுற்றும் சமமாக முடிந்தன. மூன்றாவதில் அருணகிரி வலது கையை வீசினான். குத்து ஒரு சாண் தள்ளியே நின்றது. பெஞ்சமின் பறந்தான். கயிற்றில் மோதி, அரைச் சுற்று சுற்றி, அழகாக மல்லாந்து, "கட்" என்ற குரலுக்காகக் கண்ணை மூடிக் காத்திருந்தான்.

நடுவருக்கே குழப்பம். ஆனாலும் எண்ண ஆரம்பித்தார்.

"இன்னாடா பண்ணிகினு கீற? மேலயே படல, எய்ந்திருடா!" என்று கோச் உலகநாதன் தொண்டை கிழியக் கத்தினார்.

எட்டு எண்ணும்போதுதான் படப்பிடிப்பு நேற்றே முடிந்தது பெஞ்சமினுக்கு நினைவு வந்தது. பதறி எழுந்தான். இனி புள்ளிக் கணக்கில் பிழைக்க வழியில்லை.

அருணகிரியோ தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றான். தொடாமலே ஓர் ஆளை ஆறடி பறக்கவிட்ட கை! திருப்பித் திருப்பிப் பார்த்தான். சண்டையைத் தொடரச் சொல்லி நடுவர் கொடுத்த குரல் அவன் காதில் ஏறவில்லை. கையுறையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தூக்கினான்.

பெஞ்சமினின் இடது கை அவன் தாடையில் இறங்கியது.

அருணகிரி பறக்கவெல்லாம் இல்லை. சுவரில் சாத்தி வைத்த பாய்போல நின்ற இடத்திலேயே சரிந்தான். பத்து எண்ணி முடித்தும் எழவில்லை.

நடுவர் பெஞ்சமினின் கையை உயர்த்துவதற்குள் உலகநாதன் மேடையேறி அவன் பிடரியில் ஒன்று வைத்தார்.

"ஸ்டேட் மேட்ச் முடியற வரைக்கும் கோவளம் பக்கம் தலைய காட்ன, கால ஒட்ச்சிடுவேன்!"