பென்சில் புள்ளி

"சுமப்பேன்" என்றார் செக்கர், புத்தகத்தை மார்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு.

கட்டிலில் கிடந்தவள் கண்ணை மூடி யோசித்தாள். நாக்கால் உதட்டை நனைத்தாள்.

"போர்த்தாபாம்."

லத்தீன் புத்தகத்தில் போர்த்தாபோ என்று இருந்தது. அவள் சொன்னதற்குச் சுமந்துகொண்டிருந்தேன் என்று அர்த்தம். வருங்காலத்தைக் கேட்டால் போன காலத்தைச் சொல்கிறாள்.

"சரி" என்றார் செக்கர். பென்சில் முனையால் அந்த வார்த்தையின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார். "சுமப்பாய்."

"போர்த்தாபாஸ்."

"சரி. சுமப்பான்."

இப்படியே நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள். ஆறும் தப்பு. ஆறு தடவை சரி என்றார், ஆறு புள்ளி வைத்தார். கடைசிச் சரியைக் கேட்டதும் அவள் கண்ணைத் திறந்து அவரைச் சற்று நேரம் பார்த்தாள்.

"நல்ல ஆளுதான் நீங்க" என்றாள்.

பிறகு தூங்கிப்போனாள். அப்போது காலை மணி பத்தரை. மத்தியானம் மூன்று மணிக்குக் கால் மணி இருக்கும்போது, செக்கர் பக்கத்து நாற்காலியில் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருக்கையில், ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் நிறைய இடம் விழ ஆரம்பித்தது. அவர் தாளைக் கீழே வைத்தார். மகளைக் கூப்பிட்டார். அவள் ஈரக்கையோடு சமையலறையிலிருந்து வந்து சேர்வதற்குள் அடுத்த மூச்சு வராமல் போயிற்று.

மகள் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். செக்கர் அழவில்லை. புத்தகத்தை எடுத்து மூடி, முக்காலிமேல் வைத்தார். இவளை ஏமாற்றி அனுப்பிவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியது.

அவர் முப்பத்து நான்கு வருஷம் பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். வேலையை விட்ட பிறகும் தெருவில் செக்கர் என்றால்தான் தெரியும். தயவுதாட்சண்யம் பார்க்கத் தெரியாத மனுஷன் என்று பெயர். கர்ப்பிணியோ காலுடைந்தவனோ, டிக்கெட் இல்லையென்றால் இல்லைதான். ஒரு தடவை மனைவியின் அண்ணனையே பாதி வழியில் இறக்கிவிட்டார், மழையில். மச்சான் இரண்டு வருஷம் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. தப்பு பண்ணுகிறவனைவிடத் தப்பைச் சரி என்கிறவன்தான் மோசம் என்பார் செக்கர். யாராவது கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

அவள் ஆஸ்பத்திரியில் மருந்து ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தொன்பது வருஷம் நின்றவள். சீட்டில் டாக்டர் எழுதியதைப் பார்த்து மாத்திரையை எண்ணிக் கவரில் போட்டு, மேலே டி.டி.எஸ். என்று மூன்று எழுத்து எழுதி, ஜன்னல் வழியாக நீட்டி, மூணு வேளை என்பாள். வேலையின் கடைசி நாளில் அந்த மூன்றெழுத்தின் விரிவு என்னவென்று ஒரு டாக்டரிடம் கேட்டிருக்கிறாள். அவர் நடந்துகொண்டே, அது ஏதோ லத்தீன்மா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "எழுதிக் குடுத்தவருக்கும் தெரியல, பாத்து எழுதின எனக்கும் தெரியல, தின்னவனுக்கும் தெரியல. ஆனா எல்லாருக்கும் குணமாயிருக்கு."

அடுத்த மாதம் நூலகத்தின் பின்னறையில் லத்தீன் வகுப்பு என்று பலகையில் பார்த்துவிட்டு வந்தாள். வியாழக்கிழமை தோறும் நான்கு மணி. ஆறு பேர் படித்தார்கள். சொல்லிக்கொடுத்தவள் செக்கரின் மகளைவிட இளையவள், பல்கலைக்கழகத்தில் வேலைக்குக் காத்திருந்தவள். அவளை இவள் வாய் நிறைய டீச்சர் என்றாள்.

மூன்றாவது வாரத்தில் வினைச்சொல் வந்தது. ஒரு சொல்லுக்கு ஆறு வால், ஒவ்வொரு காலத்துக்கும் வேறு ஆறு வால். அவள் அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டே செக்கருக்கு விளக்கினாள். "நம்ம பேச்சு மாதிரியேதாங்க. வர்றேன்னா போதும், நான்னு தனியாச் சொல்ல வேணாம். ஆளு வால்லயே உக்காந்திருக்கான்." சொல்லிவிட்டு, ஒப்பிக்கிறேன், புத்தகத்தைப் பார்த்துச் சரியா என்று சொல்லுங்கள் என்றாள்.

செக்கருக்கு ஒரு லத்தீன் வார்த்தை தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. புத்தகத்தில் இருக்கும் எழுத்தும் அவள் வாயிலிருந்து வரும் எழுத்தும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். அதைத்தான் முப்பத்து நான்கு வருஷம் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். தப்பானதன் ஓரத்தில் ஒரு புள்ளி. மறுநாள் புள்ளி வைத்ததை மட்டும் மறுபடி கேட்பார். தப்பென்றால் மறுபடி புள்ளி.

"ஒரு எழுத்து இடிக்குது" என்பார்.

"கிட்டத்தட்டச் சரிதானே?"

"கிட்டத்தட்ட டிக்கெட்னு ஒண்ணு கெடையாது."

"எங்கண்ணனை எறக்கிவிட்ட கைதானே அது" என்பாள். மறுபடி சொல்வாள்.

அதற்கு முன்பு அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்ததே அபூர்வம். இவர் விடிகாலை ஷிப்ட், அவள் மத்தியான ஷிப்ட். ஒருவர் செருப்பைக் கழற்றும்போது மற்றவர் மாட்டிக்கொண்டிருப்பார். வேலை முடிந்து வீட்டோடு இருக்கப்போகும் நாட்களை நினைத்து செக்கர் உள்ளுக்குள் பயந்திருந்தார். என்ன பேசுவது? மூன்று வருஷம் லத்தீன் வினைச்சொற்கள் பேசவைத்தன. தினமும் பத்து மணிக்கு ஒரு மணி நேரம். புகழ்கிறேன், எச்சரிக்கிறேன், கேட்கிறேன், காத்திருக்கிறேன். அவர் தமிழில் கேட்பார், அவள் அந்தப் பாஷையில் சொல்வாள். அதை யார் ஏற்படுத்திக் கொடுத்தார்களோ அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைப்பார். யாரிடம் சொல்வது என்று தெரியாது.

முதல் பரீட்சையில் தேறினாள். இரண்டாவது பரீட்சைக்குப் பெயர் கொடுத்த மாதம் உடம்பு படுத்துவிட்டது. டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அவளும் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, பரீட்சை வரைக்கும் தாங்காதா என்ன என்றாள். மறுநாள் பத்து மணிக்குத் தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தாள்.

வலிக்குக் கொடுத்த மருந்து வேலை செய்தது. சொற்களையும் சேர்த்து மழுக்கியது. ஒருநாள் வரிசையாக நான்கு தப்பு. செக்கர் வழக்கம்போல, இல்லை, இல்லை என்றார். நான்காவது இல்லைக்கு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். சாயங்காலம் வரை திரும்பவில்லை. கஞ்சி ஆறிப்போயிற்று.

அதற்கு மறுநாள்தான் செக்கர் தப்பான ஒன்றை முதல்முறையாகச் சரி என்றார். சொல்லிவிட்டு அவருக்கே காது சுட்டது. கை மட்டும் பழக்கத்தில் புள்ளியை வைத்துவிட்டது. இருபத்து மூன்று நாள் அப்படியே ஓடிற்று. வாய் சரி சொல்லும், கை புள்ளி வைக்கும்.

அவள் போன மறுநாள் காலையில் ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். மகள் பக்கத்து வீடுகளில் நாற்காலி வாங்கிப் போட்டிருந்தாள். மருந்து ஜன்னலில் கூட வேலை பார்த்தவர்கள் நான்கு பேர் சீருடையோடு வந்து, பார்த்துவிட்டு ஷிப்டுக்குப் போனார்கள். மச்சான் வந்தார். கைத்தடியை மூலையில் சாத்திவிட்டு செக்கர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாப்ள, எந்தங்கச்சியை நல்லா வெச்சுக்கிட்டீங்க" என்றார்.

செக்கர் தலையைக் குனிந்துகொண்டார்.

பத்து மணிக்கு வகுப்பு வந்தது. ஐந்து பேரும் டீச்சரும். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர், ஒருத்தி பூக்கடைக்காரி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக உள்ளே வந்து சுவரோரம் நின்றார்கள். நிற்கும் இடத்தில் ஆறாவது ஆளுக்கு இடம் விட்டு நின்றார்களோ, தற்செயலோ, நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. டீச்சர் அருகில் வந்து செக்கரின் கையைப் பிடித்தாள். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வண்டி வந்தது. எடுத்துப்போய் எல்லாம் முடித்துத் திரும்பும்போது பகல் ஒரு மணி. மச்சான் கூடத்து நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். மகள் கொல்லைப்புறம் போர்வைகளை அலசிக்கொண்டிருந்தாள். சமையலறையில் டீச்சர் காலையிலிருந்து சேர்ந்த டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளாகவே புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நின்றுவிட்டாள்.

செக்கர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது.

"டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவள் குழாயை மூடினாள்.

"இருபத்து மூணு நாளா நான் அவளுக்குப் பொய்யாச் சரி சொன்னேன். பாதிக்கு மேல தப்பு. எல்லாம் வந்துடுச்சு, பரீட்சை எழுதிடலாம்னு நெனச்சுக்கிட்டே போயிட்டா. மத்த எதுலயும் நான் அவளை ஏமாத்தினதில்ல. அவ உசுரா நெனச்ச விஷயத்துல ஏமாத்திட்டேன்."

டீச்சர் கையிலிருந்த டம்ளரைத் துடைத்துக் கவிழ்த்தாள்.

"தெரியும் சார்."

"உங்களுக்கா?"

"எங்க ரெண்டு பேருக்குமே."

செக்கர் நிலையை விட்டுவிட்டு உள்ளே வந்தார். டீச்சர் சொன்னாள். உடம்பு படுத்த பிறகு வியாழக்கிழமைகளில் டீச்சர் அவளைப் பார்க்க வீட்டுக்கு வந்ததும், இவர் மருந்து வாங்கப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார் அல்லவா. அவர் தெருமுனை திரும்புகிற வரை இரண்டு பேரும் பேசாமல் இருப்பார்களாம். அப்புறம் முக்காலிமேல் இருக்கும் புத்தகத்தை எடுக்கச் சொல்லி, புள்ளி வைத்ததை மட்டும் கேளுங்க டீச்சர் என்பாளாம்.

"முதல் வாரமே கண்டுபிடிச்சுட்டாங்க சார். பக்கத்தைப் பிரிச்சு எங்கிட்ட காட்டிச் சிரிச்சாங்க, இருமல் வர்ற வரைக்கும். 'வாய்தான் சரிங்குது டீச்சர், பென்சிலுக்குப் பொய் சொல்ல வரல'ன்னாங்க."

செக்கர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"புள்ளி வெச்சதெல்லாம் படிச்சோம். சிலது வரும். வெள்ளிக்கிழமை மறந்துடும்னு அவங்களுக்கே தெரியும். பரவால்லம்பாங்க. 'அவரு சர்வீஸ்லயே டிக்கெட் இல்லாம விட்ட ஒரே ஆளு நான்தான், நீங்க எதுவும் சொல்லி அதைக் கெடுத்துடாதீங்க'ன்னாங்க."

கொல்லையில் போர்வையை உதறும் சத்தம் கேட்டது. செக்கர் அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"அப்ப பரீட்சை?"

"பேரை எடுத்துடச் சொல்லிட்டாங்க. மூணு வாரத்துக்கு முன்னாடியே."

"எங்கிட்ட சொல்லவேயில்லையே."

டீச்சர் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்த மாதிரி இருந்தது.

"நானும் கேட்டேன் சார். 'பரீட்சை இல்லன்னு தெரிஞ்சா, எதுக்கு இவளைச் சிரமப்படுத்தணும்னு நிறுத்திடுவாரு. அப்புறம் பத்து மணிக்கு நான் என்ன பண்றது, அவரு என்ன பண்ணுவாரு'ன்னாங்க."

செக்கர் மேஜைக்கு அடியிலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நேற்றுக் காலை ஆறு முறை அவர் சரி சொன்னதை அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். பென்சில் ஆறு முறை தாளைத் தொட்டதையும் கேட்டிருப்பாள். அவர் தோள் லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று டீச்சருக்குத் தெரியவில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மிச்சம் இருந்த இரண்டு டம்ளரையும் கழுவினாள்.

மகள் காலி வாளியோடு உள்ளே வந்தாள். அப்பாவைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லம்மா" என்றார் செக்கர். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சாப்பிட ஏதாவது இருக்கா?"

நேற்று மத்தியானத்திலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் கேட்டு வாங்கவில்லை. மகள் வாளியைக் கீழே வைத்தாள். ரொட்டி மட்டும்தான் இருக்கிறது, சுட்டுத் தரட்டுமா என்றாள். டீச்சர் பையைத் தோளில் மாட்டினாள்.

"நீங்களும் உக்காருங்க டீச்சர்" என்றார் செக்கர். "காலைலேர்ந்து நிக்கறீங்க."

அவள் பையை மறுபடி இறக்கி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். மகள் அடுப்பைப் பற்றவைத்தாள். வெண்ணெய் உருகி, ரொட்டி ஓரம் சிவந்து, வீடு முழுக்க அந்த வாசனை வந்தது. கூடத்தில் மச்சான் தூக்கத்திலேயே ஒருமுறை செருமினார்.

முதல் துண்டை செக்கர் சூடு பாராமல் தின்றார். இரண்டாவதைத் தின்றார். மூன்றாவதைப் பாதியாகப் பிய்த்து டீச்சரின் தட்டில் வைத்தார், அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள். மீதியை மென்றுகொண்டே அடுப்புப் பக்கம் பார்த்தார்.

மகள் ஒன்றும் கேட்காமல் இன்னும் இரண்டு துண்டைக் கல்லில் போட்டாள்.