பாப்பாயிக்கு ஆடி அழைப்பு

எனக்குக் கோபம் வந்தால் எதிரில் நிற்பவர் யாரென்று பார்க்க மாட்டேன். அன்று நின்றது மாநகராட்சி அதிகாரி கௌதமன்.

“சாவி கொடுத்தாச்சு மேடம். இன்னும் குடி போகல. மாசக் கடைசிக்குள்ள போகலைன்னா ஒதுக்கீடு ரத்தாகி அந்த வீடு வேற ஆளுக்குப் போயிடும்” என்றார்.

சாவி பாப்பாயியுடையது. சேலம் பழைய பேருந்து நிலையத்துப் பக்கம், பூட்டிக் கிடக்கும் ஒரு கடையின் வாசலில் அவளும் புருஷன் மாரியப்பனும் பல வருஷமாகப் படுத்து எழுகிறார்கள். தெருவில் படுப்பவர்களுக்கு வீடு கிடைக்க, மாநகராட்சியோடு சேர்ந்து எங்கள் பங்குக் கோயில் உதவிக் குழுவும் நாயாய் அலைந்தது. குழு என்று பெயர்தான். அலைந்தது இந்த அக்சிலியா, தையல் கடைக்காரி. அடுக்குமாடியில் தரைத்தளத்திலேயே வீடு வாங்கிக் கொடுத்தால், போகாமல் இருக்க இவளுக்கு என்ன கொழுப்பு? நேரே கடை வாசலுக்கே போனேன். கௌதமனும் பின்னாலேயே வந்தார்.

பாப்பாயி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி, வீட்டைப் பூட்டி வச்சுட்டு நடுத்தெருவுல உக்காந்திருக்கியே, கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு?”

“ஆடி பொறந்திருச்சுங்களே அக்கா. ஆடியில ஆராச்சும் குடி போவாங்களா?”

ஆடி ஒன்றாம் தேதி சேலத்தில் வீட்டுக்கு வீடு தேங்காய் சுட்டுப் படைப்பார்கள்; அந்த வாசனை என் கடைக்குள்ளும் வந்தது. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். கிறிஸ்தவர்களான எங்கள் வீட்டில் ஆடி என்றால் துணிக்கடைத் தள்ளுபடி, அவ்வளவுதான்.

“தெருவுல குடியிருக்க மட்டும் ஆடி பரவாயில்லையா?”

“தெரு ஊடு இல்லீங்களே அக்கா. அதுக்கேது ஆடியும் ஆவணியும்?”

“அவ சொல்றது செரித்தானுங்க” என்றார் மாரியப்பன், காலை நீட்டியபடியே.

கௌதமன் என் காதருகே வந்தார். “சும்மா உள்ள போய் நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு வெளிய வந்துடச் சொல்லுங்க மேடம்.”

“அஸ்தம்பட்டியில நீங்க புது வீடு கட்டி முடிச்சிட்டீங்களாமே. எப்பக் குடி போறீங்க?”

“ஆவணியில மேடம்.”

“ஏன், இப்பவே போறது?”

அவர் கழுத்தைச் சொறிந்தார். “வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க.”

“அப்ப இவளுக்கும் ஆவணி வரைக்கும் தவணை கொடுங்க!”

“ஆடின்னு எனக்குத் தெரியும் மேடம். கம்ப்யூட்டருக்குத் தெரியாதே.”

வாயில் வந்ததையெல்லாம் கொட்டிவிட்டு மறுபடி பாப்பாயி பக்கம் திரும்பினேன். அவள் கத்தியைக் கீழே வைத்திருந்தாள்.

“திட்டாதீங்கக்கா. ஜலகண்டாபுரத்துல வாடகை ஊட்டுக்காரரு அவசரப்படுத்துனாருன்னு ஒருக்கா ஆடியில குடி போனோமுங்க. அந்த வருசமே தறி வேலை போச்சு. இவரு லாரியில இருந்து உழுந்து காலு வெளங்காமப் போச்சு. வாடகை குடுக்க முடியாமத்தான் இங்க வந்து கெடக்கறோம். இந்த ஊடும் கைய உட்டுப் போயிருச்சுன்னா எனக்கு இனி ஆருங்க குடுப்பாங்க?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டாள். என் கோபம் போன இடம் தெரியவில்லை. வீடு வேண்டாம் என்றா இருக்கிறாள் இவள்? வீடு நிலைக்க வேண்டுமே என்றல்லவா தவிக்கிறாள்!

“சரி, ஆடியில பொம்பளை எங்கதான்டி போகலாம்?”

“பொறந்த ஊட்டுக்குப் போலாமுங்க. கூப்புட்டாத்தான்.”

மறுநாள் காலையிலேயே சாவியை வாங்கிக்கொண்டு, என் அடுப்பையும் பாத்திரங்களையும் ஆட்டோவில் ஏற்றி அந்த வீட்டுக்குள் நான் போனேன். எங்களுக்குத்தான் ஆடி கிடையாதே. விஷயம் கேள்விப்பட்ட பங்குச் சாமியார் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு மாம்பழம் அனுப்பினார். அதோடு வெற்றிலை பாக்கும் பூவும் ஒரு சேலையும் தட்டில் வைத்துக் கடை வாசலுக்குப் போனேன்.

“பாப்பாயி, மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு ஆடிக்கு எங்க வீட்டுக்கு வாம்மா.”

அவள் தட்டை வாங்கவில்லை.

“நாங்க ஊட்டுக்குத் தெரியாம ஓடியாந்து கட்டிக்கிட்டவீங்க. என்னைய ஆரும் ஒரு ஆடிக்குக்கூடக் கூப்புட்டதில்லீங்கக்கா” என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்?

“மாப்பிள்ளைக்கு வேட்டி எங்கீங்க?” என்றார் மாரியப்பன்.

வந்தார்கள். சாப்பிட்டார்கள். கௌதமன் ஆசை தீரப் போட்டோ எடுத்து, குடி வந்தாச்சு என்று மேலே அனுப்பினார். நான் செருப்பைத் தேடியபோதுதான் பாப்பாயி குண்டைப் போட்டாள்.

“விருந்தாளிய உட்டுப்போட்டு ஊட்டுக்காரங்க போலாமுங்களா? அப்பறம் நாங்க குடி வந்தாப்புல ஆயிருமுங்க.”

ஆடி முடியும்வரை அந்த வீட்டில் மாட்டிக்கொண்டேன். பகலில் தையல் கடை, மற்ற நேரமெல்லாம் மாப்பிள்ளைக்குச் சமையல். கறிக்குழம்பில் காரம் போதவில்லை என்று மாரியப்பன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் மார்ட்டின் மெஸ்ஸில் சாப்பிட்டு இளைத்துப்போனார். மாசக் கடைசியும் வந்து போனது. வீடு பாப்பாயி பேரிலேயே நின்றது.

ஆவணி பிறந்து நல்ல நாள் வந்தது. காலையில் என் அடுப்பையும் பாத்திரங்களையும் பாப்பாயியே கழுவித் துடைத்து வெளியே எடுத்து வைத்தாள். பிறகு உப்பும் மஞ்சளும் நிறைகுடமுமாகப் புருஷனோடு வலது காலை வைத்து உள்ளே போனாள். பிறந்த வீட்டுச் சீராகப் பழத்தட்டோடு வந்த நான், இத்தனை நாள் புழங்கிய வீடுதானே என்று என் பாட்டுக்கு நுழைந்தேன்.

“அக்கா! செருப்பக் கழட்டிப்போட்டு வாங்க. என்ர ஊடு, இப்பத்தான் கூட்டித் தொடச்சு வெச்சிருக்கறேன்.”

என்னை அதட்டியவர்கள் யாரும் தப்பியதில்லை. மறுபேச்சுப் பேசாமல் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.