ஓடைக்கரையில் பன்னிரண்டு கிணறுகள்

பூகோளத்தில் எம்.ஏ. படிக்கிறேன் என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் விளங்காது. என் அய்யா சின்னண்ணன் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். "அர்த்தநாரி நம்ம ஊரைப் படிக்கறானுங்க," என்று மல்லசமுத்திரம் சந்தையில் சொல்லிவைத்துவிட்டார். அதில் தப்பும் இல்லை. சென்னைச் சர்வகலாசாலையில் நான் ஆராய்ச்சிக்கு எடுத்ததே எங்கள் ஊர்க் கிணறுகளைத்தான். எது எங்கே இருக்கிறது, கோடையில் எது தாங்கும் என்று அளந்து, படம் வரைந்து, சித்திரைக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்தால் பட்டம். இல்லாவிட்டால் இரண்டு வருஷப் படிப்பும் தண்டம்.

அளக்கப் போனால் கல்யாணத்துக்கு அழைப்பது போல் அழைத்தார்கள். செல்லாயி அக்கா தன் கிணற்று மேட்டைச் சாணி போட்டு மெழுகியே வைத்திருந்தார். புருஷன் போன பிறகு தனியாக நின்று வெட்டி முடித்த கிணறு. "பட்டணத்துல நம்ம கெணறு தெரியோணும் சாமி, பெருசாப் போடுங்க," என்றார். படத்தில் அது ஒரு புள்ளிதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அளவுச் சங்கிலியின் மறுமுனையை அய்யாவே பிடித்தார். வேறு ஆளை விடமாட்டேன் என்றுவிட்டார்.

பங்குனியில், அளந்ததையெல்லாம் சர்க்காரின் கிராமப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். ஓடைக்கரைக் கிணறுகள் பன்னிரண்டும் பட்டா நிலத்தில் இல்லை. புறம்போக்கில், சர்க்கார் மண்ணில் இருந்தன. எங்கள் கிணறும் செல்லாயி அக்காவின் கிணறும் அவற்றில் அடக்கம். எல்லைக் கற்கள் எந்த வெள்ளத்திலோ போயிருக்க வேண்டும். நம் மண் என்று நினைத்து இரண்டு தலைமுறையாக வெட்டியிருக்கிறார்கள், பாவிகள்.

அந்தக் கிராமப் படத்தைத் தாலுகா கச்சேரியில் வாங்கும்போது, என் படம் முடிந்ததும் ஒரு நகல் தருவதாகக் கையெழுத்துப் போட்டிருந்தேன். எத்தனை பெருமையோடு போட்டேன்! பன்னிரண்டையும் குறித்தால் கிணறுகள் ஊரார் கையை விட்டுப் போய்விடும். குறிக்காவிட்டால் ஆராய்ச்சியே இல்லை. கோடையில் தாங்குவது ஓடைக்கரைக் கிணறுகள் மட்டுமே என்பதுதான் நான் கண்டுபிடித்த ஒரே விஷயம். கொஞ்சம் தள்ளிக் குறிக்கலாம் என்றால், பேராசிரியர் தாமே வந்து அளந்து சரிபார்ப்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

ஒன்பது நாள் உள்ளறையை விட்டு நான் வெளியே வரவில்லை. வாசலில் போகிறவர்கள், "படம் முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். செல்லாயி அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்தார். காகிதத்தின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுக் குடித்தேன். திருடனுக்குக்கூட அத்தனை பயம் இருக்காது.

பத்தாம் நாள் காலையில் அய்யாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவருக்கு எழுத்து தெரியாது. குனிந்து, "நம்ம கெணறு எங்க சாமி?" என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். அந்தப் புள்ளியின் மேல் தன் விரலையும் வைத்துப் பார்த்தார்.

"மத்தவங்க நம்பிக் காட்டுனது. அதைப் போட வேண்டாம். நம்முளுதை மட்டும் போட்டுரு. போனாப் போவுது. ஒரு கெணறு இருந்தாப் பட்டம் குடுப்பாங்கல்லொ?"

எங்கள் நாலு ஏக்கரும் அந்தக் கிணற்றை நம்பித்தான் இருந்தது. அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, என் முகத்தையே பார்த்து நின்றார். கொடுப்பார்கள் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் கிணறு போய், நிலம் காய்ந்திருக்கும்; பட்டமும் வந்திருக்காது.

"ஒண்ணு பத்தாதுங்கய்யா," என்றேன்.

"அப்ப என்ற கெணத்தைக் குடுத்தும் உன்னையப் படிக்க வெக்க முடியாதா சாமி?"

முடியாது என்று தலையை ஆட்டினேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. படத்தைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, ஏர் பூட்ட அவர் பின்னாலேயே போனேன். சித்திரை பிறந்தது. நான் சென்னைக்குப் போகவில்லை.