களவுபோன மூன்று மைல்

டெல்மருக்கும் ரொவீனாவுக்கும் கல்யாணமாகி முப்பத்தொரு வருடம். அது இவ்வளவு நாள் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், மலையில் அவர்கள் சேர்ந்து நடப்பதில்லை என்பதுதான். சேர்ந்து நடந்த காலத்தில் அவளுடைய வேகம் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவனுடைய "கொஞ்சம் நில்லு, அந்தப் பருந்தைப் பாரு" அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அதனால் ஓர் ஏற்பாடு. பாதை மொத்தம் பன்னிரண்டு மைல். அவன் தன் டிரக்கை மேற்கே முகட்டு முனையில் நிறுத்திவிட்டு நடப்பான். அவள் தன் காரைக் கிழக்கே பள்ளத்தாக்கு வாயில் நிறுத்திவிட்டு எதிரே வருவாள். நடுவில் ஒரு தட்டைப் பாறை. அங்கே சாப்பாடு, சாவி மாற்றல், ஒரு சின்னச் சண்டை. அப்புறம் அவரவர் வழி. மறுமுனையில் அவன் அவளுடைய காரை எடுத்துக்கொள்வான், அவள் அவனுடைய டிரக்கை. மாற்றுச் சாவிகள் வீட்டில், சமையலறை இழுப்பறையில், மிகப் பத்திரமாக இருந்தன.

வசந்தத்தில் டெல்மருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. அக்டோபரில் அவன் மறுபடி மலை என்று ஆரம்பித்தபோது, ரொவீனா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள பாறைக்கு வந்துடு. வந்துட்டா உன் மலை உனக்கு. வரலைன்னா கடற்கரைக் கோஷ்டியில சேர்ந்துடணும். பேச்சு மாறக்கூடாது."

கடற்கரைக் கோஷ்டி என்பது ஓய்வுபெற்ற ஏழு ஆண்கள். ஒரு மைல் சமதரையில் நடந்துவிட்டு மூன்று மணி நேரம் காபிக் கடையில் உட்கார்ந்து கொழுப்பு அளவைப் பற்றிப் பேசுவார்கள். டெல்மருக்கு அதைவிட மூன்றாவது முழங்கால் முளைத்து அதற்கும் ஓர் அறுவை சிகிச்சை நடந்தால் தேவலை.

ஆனால் கணக்கு இடித்தது. ஆறு மைல், இந்தக் காலோடு, எப்படிப் போட்டாலும் பன்னிரண்டே முக்காலுக்குத்தான் வந்தது. முகட்டு முனையிலிருந்து மூன்று மைல் தள்ளி ஒரு கணவாயில் தார்ச்சாலை பாதையைக் குறுக்கே வெட்டிப் போகிறது. அங்கே வண்டி நிறுத்தவும் இடமுண்டு. நாற்பது வருடம் நில அளவையாளனாக இருந்து, ஊரார் வேலியை ஓர் அங்குலம் நகரவிடாத மனிதன், ஞாயிறு காலை தன் சொந்த மலையில் மூன்று மைலை ஏப்பம் விடாமல் விழுங்கினான்.

பத்து மணிக்கே பாறை கண்ணில் பட்டுவிட்டது. இவ்வளவு சீக்கிரம் போய் உட்கார்ந்தால் சந்தேகம் வருமே என்று ஒரு மன்சானிடாப் புதருக்குப் பின்னால் ஒரு மணி நேரம் பதுங்கியிருந்தான். ஓர் ஓணான் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனது. பிறகு முகத்தில் தண்ணீரைத் தெளித்து வியர்வை ஆக்கிக்கொண்டு, பாறைமேல் ஏறிச் சாய்ந்தான்.

ரொவீனா பதினொன்றரைக்கு வந்தாள். நின்றாள். அவனை உச்சந்தலையிலிருந்து காலணி வரை ஒருமுறை பார்த்தாள்.

"அடேங்கப்பா. பறந்து வந்தியா?"

"மெதுவாத்தான் வந்தேன். உனக்காகக் காத்திருந்து தூக்கமே வந்துடுச்சு, அம்மணி."

"முகட்டுல பாதை எப்படி இருக்கு?"

"பிரமாதம். ஒரு பருந்துகூடப் பாத்தேன்."

"பருந்தா. சரி." நீதிமன்றத்தில் இருபத்தாறு வருடம் சுருக்கெழுத்து எழுதியவள் அவள். சாட்சிகள் பேசப் பேசக் குனிந்து எழுதிப் பழகிய கை, இப்போது குனிந்து சாண்ட்விச்சைப் பிரித்தது.

சாப்பிட்டார்கள். சாவி மாற்றினார்கள். கடுகு போதவில்லை என்று ஒரு சின்னச் சண்டையும் போட்டார்கள். அவள் மேற்கே போனாள். அவன் சீட்டியடித்துக்கொண்டு கிழக்கே பள்ளத்தாக்கில் இறங்கினான்.

அரை மைல் போனதும் ஒரு கருவாலி மர நிழலில், வெற்றியைக் கொண்டாட, ஓர் ஆரஞ்சை எடுத்தான். கூடவே பையிலிருந்து அவளுடைய கார்ச் சாவி வந்து மடியில் விழுந்தது. அதைப் பார்த்தான். ஆரஞ்சு பாதி உரித்தபடி நின்றது.

தன் டிரக் சாவி அவளிடம் இருக்கிறது. அவள் முகட்டு முனைக்குப் போகிறாள். டிரக் முகட்டு முனையில் இல்லை.

"போச்சுடா" என்றான் டெல்மர், கருவாலி மரத்திடம்.

அவனுடைய மூளை உடனே ஒரு பொய்யை நீட்டியது. கீழே இறங்கு, காரை எடு, சுற்றிப் போய் அவளைக் கூட்டிக்கொள், "ஐயோ டிரக்கைத் திருடிட்டானுங்களே!" என்று தலையில் கை வை. நல்ல பொய்தான். ஓட்டை எதுவும் இல்லை. ஆனால் அது முடிய நாலு மணி நேரம் ஆகும். அதுவரை அவள் நிழலில்லாத அந்த முனையில், குடித்து முடித்த தண்ணீர்ப் பையோடு, போன் எடுக்காத இடத்தில், காலி மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கணவாயில் சாலையோரம் நிற்கும் டிரக்கை அவள் கவனிப்பாளா? அவள்தான் நடக்கும்போது எதற்கும் நிற்காதவளாயிற்றே.

கடற்கரைக் கோஷ்டியின் ஏழு பேரும் வெள்ளைக் காலுறையோடு வரிசையாக நின்று கைகாட்டுவது தெரிந்தது. டெல்மர் ஆரஞ்சை வாயில் திணித்துக்கொண்டு திரும்பி ஓடினான்.

ஓடினான் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஏற்றத்தில் நொண்டினான், இறக்கத்தில் உருண்டான், "ரொவீனா!" என்று கத்தினான். மலை அதைத் திருப்பிக் கத்தியது, அவ்வளவுதான். இரண்டரை மணிக்குக் கணவாய்க்கு வந்து சேர்ந்தபோது டிரக் நின்ற இடம் காலியாக இருந்தது.

காலி என்றும் சொல்ல முடியாது. தரையில் கூழாங்கற்களால் ஓர் அம்புக்குறி. பின்னால் வருபவருக்கு வழிகாட்ட மலையேறிகள் வைப்பார்களே, அதேதான். அது முகட்டுப் பாதையைக் காட்டியது. அம்பின் நுனியில் டிரக்கில் இருந்த தண்ணீர்ப் பாட்டில்.

டெல்மர் ஒரு பெருமூச்சு விட்டு அதைக் குடித்துக்கொண்டிருந்தபோது, குதிரை ஏற்றிய இழுவைப்பெட்டியைக் காருக்குப் பின்னால் கட்டி ஓட்டிவந்த ஒரு பெண் பக்கத்தில் நிறுத்தினாள்.

"என்ன பெரியவரே, கால் போச்சா? முகட்டு முனைக்குத்தான் போறேன், ஏறிக்குங்க."

இருக்கை பார்க்கவே மெத்தென்று இருந்தது. ஏ.சி. குளிர்காற்று ஜன்னல் வழியே வந்து அவன் முகத்தைத் தடவியது. அந்த முனைக்குச் சற்று முன்னால் இறங்கிக்கொண்டு, மிச்சத்தை நடந்து...

"வேண்டாம்மா. நான் நடந்தே ஆகணும்."

"ஏன், வேண்டுதலா?"

"கல்யாணம்" என்றான் டெல்மர்.

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். பின்னாலிருந்த குதிரை மட்டும் தூரம் வரை அவனையே பார்த்துக்கொண்டு போனது.

அந்த மூன்று மைல் போன வருடக் காட்டுத்தீயில் வெந்த காடு. கரிந்த புதர்க்கொம்புகள் இருபுறமும் பாதைமேல் சாய்ந்து, போகிறவர் காலையெல்லாம் கோடு கிழித்தன. கீழே தூரத்தில் கடல்மேல் மூடுபனி பஞ்சுப்பொதி போலக் கிடந்தது. உண்மையாகவே ஒரு பருந்து வந்து வட்டமிட்டது. நின்று பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

நாலே காலுக்கு முகட்டு முனை. டிரக்கின் பின்பலகையைத் திறந்துபோட்டு, ரொவீனா அதில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். இருக்கைக்கடியில் அவன் ஒளித்துவைத்திருந்த சாக்லேட் அவள் கையில் கடைசித் துண்டாக இருந்தது.

"வா டெல். பாத்தியா, வண்டி நீ நிறுத்துன இடத்துலயே இருக்கு" என்றாள், முகத்தில் ஒரு சலனமுமில்லாமல்.

டெல்மர் மூச்சு வாங்கினான். ஆமாம் என்று சொன்னால் போதும், தப்பிக்கும் கதவு திறந்துதான் இருக்கிறது.

"நான் இங்க நிறுத்தல. கணவாயில நிறுத்தினேன். பாறைக்கு நடந்தது மூணே மைல். அப்புறம் ஒரு மணி நேரம் புதருக்குள்ள ஒளிஞ்சிருந்தேன்."

"அந்தப் புதர் விஷயம் எனக்குத் தெரியாது" என்றாள் அவள், உண்மையான சந்தோஷத்தோடு. "ஒரு மணி நேரமா?"

"ஓணான் சாட்சி. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"இந்த வழியா வந்தவன் கால்சட்டை கரிக்கோடு இல்லாம இருக்குமா? நீ சலவைக் கடையில இருந்து வந்த மாதிரி உக்காந்திருந்தே. பருந்து வேற பாத்தியாம்."

அவன் குனிந்து பார்த்தான். இப்போது இரண்டு காலும் ஒன்றாம் வகுப்புப் பையனின் சிலேட்டு மாதிரி இருந்தன.

"அப்பவே கேட்டிருக்கலாமே!"

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லுவே. நான் வேற ஒண்ணு பாக்கணும்னு இருந்தேன்." அவள் அவன் காலணித் தூசியைப் பார்த்தாள். "எத்தனை மைல் நடந்தே இன்னிக்கு?"

அளவை விஷயத்தில் டெல்மரால் பொய் சொல்ல முடியாது. "மூணு, அப்புறம் போக வர அரை அரை, திரும்பி மூணு, இது மூணு. பத்து."

"நான் ஒம்போது" என்றாள் ரொவீனா. சாக்லேட்டை இரண்டாக உடைத்தாள். சிறிய பாதியை அவனிடம் நீட்டினாள். "கடற்கரை ஆளுங்ககிட்ட நீ வரலைன்னு சொல்லிடறேன்."

"நெஜமாவா? பன்னெண்டு மணிக்குள்ள நான்..."

"அவங்க ஏழு பேரும் நல்ல மனுஷங்க, டெல். உன் சகவாசத்துல கெட்டுப்போயிடுவாங்க. ஆனா ஒண்ணு, அடுத்த தடவை டிரக்கை நான்தான் கொண்டுவந்து நிறுத்துவேன். உன்னை இறக்கிவிட்டுட்டுத்தான் என் பக்கம் போவேன்."

"அப்போ உன் கார்?"

ரொவீனா விரல்விட்டு எண்ணினாள். இரண்டு வண்டி, இரண்டு முனை, ஓட்ட ஒரே ஆள். கணக்கு இடித்தது.

"யோசிச்சு சொல்றேன்" என்றாள் கோபமாக.

டெல்மர் பலமாகச் சிரித்தபடி பின்பலகையில் அவள் பக்கத்தில் ஏறப்போனான். முழங்கால் மடங்க மறுத்தது. ஒரு கையால் காலைத் தூக்கிவைத்தான், வழுக்கியது, மறுபடி தூக்கிவைத்தான். ரொவீனா அந்த நேரம் முழுவதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரு கை மட்டும் பின்னால் நீண்டு அவன் சட்டைக் காலரை இறுகப் பிடித்திருந்தது.