தண்ணீர் மருந்தும் பால் மருந்தும்

"எந்த மருந்துன்னு எழுதிக் குடுங்க டாக்டரம்மா. வாயால சொல்ல வேண்டாம்."

வசிதி நீட்டிய தாளை வாங்கி, நின்றபடியே எழுதினாள் டாக்டர் சலோத்தே. வசிதியின் அப்பா எமோசிக்குக் கையில் கட்டி. அதைக் கீறுவதற்கு மயக்க ஊசி போட்டதும் வாந்தி மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிட்டது. காலை பத்து மணிக்கு உயிர் போய்விட்டது.

"போன மாசம் பக்கத்து வீட்டுத் தெவித்தாவுக்குத் தண்ணி மாதிரி மருந்துதானே போட்டீங்க? எங்கப்பாவுக்கு மட்டும் ஏன் பால் மாதிரி?"

"அதுல சாயங்காலம் வரைக்கும் மயக்கம் தெளியாது. இதுல கால் மணி நேரத்துல எழுந்து உட்காரலாம். ஆனா எதைப் போட்டாலும் வயிறு காலியா இருக்கணும் வசிதி. ராத்திரியிலேர்ந்து வாயில ஒண்ணும் படலைன்னு நீதான் கையெழுத்துப் போட்டே."

"பழியை எம்மேலயே திருப்புறீங்களா?"

வெளியே பெஞ்சில் பெரியப்பா வைசாகேயின் குரல் உயர்ந்திருந்தது. "புது மருந்துன்னா எலிக்குப் போட்டுப் பாக்கறது! என் தம்பிதான் கெடச்சானா?" சொந்தக்காரர்கள் தலையாட்டினார்கள்.

"உடம்பைச் சுவா பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பலாம் பெரியப்பா," என்றாள் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த வசிதி. "அறுத்துப் பாத்தா தெரிஞ்சிடும்."

"வேணாம்."

"நீங்கதானே கொலைன்னு கத்துனீங்க?"

"செத்தவனை இன்னொரு தரம் கீறணுமா?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வசிதியின் சந்தேகம் மெல்ல டாக்டரிடமிருந்து அவர் பக்கம் மாறியது. விடியற்காலையில் அவள் அப்பாவைப் பெரியப்பாவிடம் விட்டுவிட்டுத் துணி எடுக்க வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அப்பாவுக்கு நாக்குக் குழறியது. பயம் என்று நினைத்துக்கொண்டாள்.

"நான் இல்லாதப்ப என்ன குடுத்தீங்க?"

"சாப்பாடு எதுவும் குடுக்கல."

"சாப்பாட்டைக் கேக்கல."

வைசாகே குரலைத் தாழ்த்தினார். "கத்திக்குப் போறவனை வெறுமனே அனுப்புவாங்களாடி? சடங்குக்குக் கரைச்சுக் குடுக்கற கவாதான், நாலே சிரட்டை. முறைப்படி கையைத் தட்டித்தான் வாங்குனான். அது வெறும் வேர்த் தண்ணி, நாக்கு கொஞ்சம் மரத்துப்போகும், அவ்வளவுதான். கசப்புக்கு ஒரு துண்டு மரவள்ளி கடிச்சுக்கிட்டான்."

அந்த நேரம் சலோத்தே சுவாவுக்கு அனுப்பும் படிவத்தோடு வந்தாள். "இதுல உங்க வீட்டார் ஒருத்தர் கையெழுத்துப் போடணும்."

வசிதி எழுந்து இடம் விட்டாள். "இப்படி உட்காருங்க டாக்டரம்மா. பெரியப்பா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

சலோத்தே உட்கார்ந்தாள். வைசாகே பெஞ்சிலிருந்து இறங்கி, அவள் காலுக்கு எதிரே வெறும் சிமெண்டுத் தரையில், அவர்கள் ஊரில் மன்னிப்புக் கேட்பவரைப் போலத் தலை குனிந்து சம்மணமிட்டார்.

வசிதியும் இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.