தார்த் தடத்து வண்டி மண்ணில் இறங்கிய சனிக்கிழமை

வெர்லினின் காரை டிரெய்லரிலிருந்து இறக்கியதும் பக்கத்து வண்டிக்காரர்கள் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். சாவு வீட்டில் முகம் பார்க்க வந்தவர்கள் மாதிரி பார்த்தார்கள். தார்த் தடத்துப் பந்தயத்துக்காகக் கட்டிய கார் அது. தரையைத் தொடுகிற உயரம். எடையெல்லாம் இடது பக்கம். இரவு ஷிப்ட் முடிந்து தூங்காமல் நானும் அவனும் நாலு நாளாக நீள ஸ்பிரிங் போட்டு நாலு அங்குலம் தூக்கியிருந்தோம். அப்படியும் அது பதுங்கியே நின்றது.

"என்ன மாப்ள, சிக்னல் எங்க இருக்குன்னு தேடுறியா?" என்றான் பக்கத்து வண்டி ஹோபார்ட். வறுத்த பொலோனா இறைச்சி வைத்த ரொட்டி அவன் வாயில் பாதி இருந்தது.

"ஒனக்கு வழிகாட்டத்தான் வந்திருக்கேன்," என்றான் வெர்லின்.

நாங்கள் ஓடிக்கொண்டிருந்த தார்த் தடத்தை வசந்தத்தில் விற்றுவிட்டார்கள். அங்கே இப்போது கிடங்கு எழும்புகிறது. எங்கள் மலையடிவாரத்தில் மிச்சமிருப்பது இந்தச் செம்மண் தடம் மட்டும்தான். இங்கே வெர்லினின் அக்கா ரெட்டா பதினெட்டு வருடமாக ஓடுகிறாள். வெர்லின் காரில் இருக்கும் எஞ்சின் அவர்கள் அப்பா இருவருக்கும் பொதுவாக விட்டுப்போனது. ரெட்டாவின் எஞ்சின் புகை கக்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. கணக்கை அவள்தான் சொன்னாள்: இன்று வெர்லின் முதன்மைப் பந்தயத்துக்குத் தேறினால் எஞ்சின் அவனிடமே இருக்கும். தேறாவிட்டால் நாளைக்கு தேவாலயம் விட்டதும் கழற்றி அவள் காரில் ஏற்றிவிட வேண்டும்.

எனக்கு யார் ஜெயித்தாலும் ஒன்றுதான். அந்தக் கார் மண்ணில் என்ன செய்யும் என்று பார்க்கத்தான் வந்தேன்.

தகுதிச் சுற்றில் பார்த்தேன். மண்ணில் ஓடுகிற கார் வளைவில் பின்பக்கத்தை வெளியே வீசிவிட்டுப் பக்கவாட்டில் போகும். ஓட்டுபவர் இடது வளைவில் ஸ்டீயரிங்கை வலது பக்கம் பிடித்திருப்பார். வெர்லினின் கார் அதற்குச் சம்மதிக்கவில்லை. மூக்கை நேராக வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தே போனது. முன்தகடு மண்வெட்டி மாதிரி மண்ணை அள்ளியது. நாலு பேர் தேறினார்கள். ரெட்டா மூன்றாவது. வெர்லின் ஏழாவது. தேறாதவர்களுக்குக் கடைசி வாய்ப்பாக இன்னொரு சுற்று உண்டு, பன்னிரண்டு வட்டம். அதில் இரண்டே இடம்.

ரேடியேட்டரிலிருந்து நான் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது ரெட்டா தம்பியிடம் வந்தாள்.

"ஒரு விஷயம் சொல்றேன், கேளுடா. கீழ கறுப்பா மினுங்குது பாரு, அது காஞ்சுபோன எடம். வழுக்கும். மேல சுவரோரம் செவப்பா இருக்கே, அங்கதான் ஈரம். அங்க போ."

"நான் தோத்தா ஒனக்குத்தான நல்லது. எதுக்குக்கா சொல்ற?"

"பின்ன, நீ சுவத்துல மோதி என் எஞ்சின ஒடைக்கவா?"

அவள் சொன்னது சரிதான். இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும், கறுப்பு என்றால் வழுக்கல். ஆனால் அந்தக் கறுப்பு என்னை உறுத்தியது. மதியம் முழுக்க வெயில் கொளுத்தியிருந்தது, காற்றும் இல்லை. அவ்வளவு காய்ந்தும் அந்தக் கறுப்புப் பட்டையில் மட்டும் தூசி கிளம்பவில்லை. சிறிய கார்களின் பந்தயம் முடிந்து தடம் காலியாக இருந்தபோது இரண்டாவது வளைவுக்கு நடந்து போனேன். கறுப்பில் காலை வைத்து இழுத்தேன். வழுக்கவில்லை. செருப்பு ஒட்டிக்கொண்டது, கால்தான் வெளியே வந்தது. விரலால் தேய்த்தேன். எள் மாதிரி உருண்டது. டயர்களிலிருந்து தேய்ந்து ஒட்டிய ரப்பர்.

திரும்பி வந்து வெர்லினிடம் சொன்னேன். அவனும் போய் மண்டியிட்டு உள்ளங்கையை அழுத்திப் பார்த்தான். முகர்ந்தான்.

"இது தார் ரோடுடா," என்றான் மெதுவாக.

ரெட்டாவிடம் சொன்னோம். அவள் வந்து பார்க்கவில்லை. "இந்த மண்ணுல ரப்பர் ஒட்டுறது வருஷத்துக்கு ஒரு தடவ நடந்தா பெரிசு. ரெண்டு பேரும் தூங்கி எத்தன நாளாச்சு?"

நாலு நாள். 

கடைசிச் சுற்றில் ஒன்பது கார்கள். கொடி அசைந்ததும் மற்ற எட்டும் பழக்கத்தில் மேலே சுவரோரம் ஏறின. வெர்லின் மட்டும் கீழே கறுப்பில் உட்கார்ந்தான். மூக்கு திரும்பியது. தூசி இல்லை, சறுக்கல் இல்லை. டயர் கீச்சிட்டது. மண் தடத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. ஐந்தாவது வட்டத்தில் நாலாவது, எட்டாவதில் இரண்டாவது. முதலில் போனவன் ரொம்ப தூரம் போய்விட்டான்.

ஒன்பதாவது வட்டத்தில் ஹோபார்ட்டுக்குப் புரிந்துவிட்டது. கீழே இறங்கி வெர்லினின் பின்னால் ஒட்டிக்கொண்டான். பட்டை ஒரு கார் அகலம்தான். முந்த வேறு வழி இல்லை, இடித்துத் தள்ள வேண்டும். இடித்தான். வளைவுக்கு வளைவு பம்பரில் முட்டினான். கடைசி வளைவில் வெர்லினின் பின்சக்கரம் பட்டையைவிட்டு ஒரு சாண் விலகியது. அப்புறம் திரும்ப வந்து பிடித்தது. இரண்டாவதாகவே முடித்தான்.

ரெட்டா தடத்துக்குள் நடந்து போய்க் குனிந்து தொட்டுப் பார்த்தாள். திரும்பி வந்து, "சரி, எஞ்சின் ஒன்னுது," என்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. பதினெட்டு வருடமாகத் தெரிந்த வீட்டில் தெரியாத அறையைக் கண்டவள் மாதிரி இருந்தாள்.

முதன்மைப் பந்தயத்துக்கு இருபது நிமிடம் இருந்தது. அப்போது தடத்தை நனைக்கத் தண்ணீர் லாரி உள்ளே வந்தது. பின்னாலேயே டிராக்டர் வந்து வளைவுகளைக் கீறிப் புரட்டியது. கறுப்புப் பட்டை போய்விட்டது. தடம் முழுக்க ஈரச் செம்மண்.

"போச்சு," என்றாள் ரெட்டா. "இனி வளைவுல ஒன் காரு திரும்பாது. தேறிட்டல்ல, எறங்கிக்கோ. வண்டிய ஒடச்சுக்காத."

வெர்லின் காருக்குள் உட்கார்ந்து ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"திரும்பாதுன்னு தெரியும்க்கா. எதனாலன்னு தெரியல. முன்ஸ்பிரிங்கா, எடையான்னு மூணு வட்டம் போனா தெரிஞ்சிடும்."

"எஞ்சின் சூடாச்சுன்னா?"

"நிறுத்திடுறேன்."

 அவள் குனிந்து, ஜன்னல் வலைக்குள் கைவிட்டு, அவன் பெல்ட்டை இழுத்து இறுக்கினாள்.

"முன்னாடி வலது சக்கரத்த மட்டும் கவனி," என்றாள். "மூக்கு திரும்பாம தள்ளுறப்ப அது என்ன பண்ணுதுன்னு வந்து எங்கிட்ட சொல்லு."

அவள் தன் காருக்கு நடந்தாள். வெர்லின் வரிசையின் கடைசியில் போய் நின்றான். நான் மூன்று வட்டமும் தெரிகிற மாதிரி வேலியில் ஏறினேன்.